டிஸ்க்குக்கு எண்தான் தெரியும். 'அடிமை' என்று எழுதியது யார்?



இந்த முறை ஹார்டு டிஸ்க்கைப் பற்றி எழுதுகிறோம். வன்கொடுமை வழக்கு, பஞ்சமி நிலம், கல்வி உதவித்தொகை என்று எழுதுகிற இடத்தில் இது எதற்கு என்று சிலர் கேட்பீர்கள். மூலக்குளத்தில் எங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வருகிற டிப்ளமோ மாணவர்கள் கேட்ட ஒரு கேள்விதான் காரணம்.

அவர்கள் படிக்கிற கல்லூரியின் ஹார்டுவேர் லேபில் (பெயர் வேண்டாம்) பழைய கணினி ஒன்றில் இரண்டு டிஸ்க்கை ஒரே கேபிளில் மாட்டிக் காட்டியிருக்கிறார்கள். ஒன்று மாஸ்டர், இன்னொன்று ஸ்லேவ். "மாஸ்டர்னா ஆண்டை, ஸ்லேவ்னா அடிமை. ஆண்டை சொல்றத அடிமை கேக்கணும், அவ்ளோதான்" என்று விளக்கம். வகுப்பில் ஒருவன் பின்வரிசையில் இருந்த காலனிப் பையனைத் திரும்பிப் பார்த்து "டேய் ஸ்லேவு" என்றானாம். செமஸ்டர் முடியும்வரை அந்தப் பெயர் அவனை விடவில்லை. எங்களிடம் வந்து கேட்டதும் அவன் இல்லை, அவனுடைய தோழிதான். "அக்கா, அது டெக்னிக்கல் வார்த்தையாம். புக்லயே இருக்காம். அப்ப நாங்க என்னன்னு கம்ப்ளெய்ன்ட் பண்றது?"

நாங்கள் சமூகவியல் படித்தவர்கள், பொறியாளர்கள் இல்லை. ஆனால் 'டெக்னிக்கல் வார்த்தை' என்று யாராவது சொன்னால், அது எந்த டெக்னிக்கில் இருந்து வந்தது என்று கேட்கிற பழக்கம் உண்டு. கேட்டுப் பார்த்தோம். மென்பொருள் வேலையில் இருக்கும் தோழர்கள் சிலர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். உங்களில் கணினி படிக்காதவர்களுக்கும் புரியும்படி எழுதப் பார்க்கிறோம்.

கணினிக்கும் அதில் மாட்டிய சாதனத்துக்கும் நடுவில் நின்று பேசிவைக்கிற நிரலுக்கு டிரைவர் என்று பெயர். சாதனம் பேசுவதெல்லாம் எண்ணில். உங்கள் பென் டிரைவையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பென் டிரைவ்கள் கணினியோடு பேசுவது 'ஸ்கஸி' என்ற பழைய வழிமுறையின் கட்டளைகளில்தான். செருகினதும் கணினி அதனிடம் 'நீ யார்?' என்று கேட்கிறது. பதிலின் முதல் பைட்டில் ஐந்து பிட்டுகள் சாதனத்தின் வகையைச் சொல்கின்றன. ஐந்து பிட்டில் 0 முதல் 31 வரை எண் அடங்கும். 0 என்றால் எந்த இடத்தையும் நேராகத் தொட்டுப் படிக்கக்கூடிய டிஸ்க். 1 என்றால் வரிசையாக ஓட்டித்தான் படிக்க முடிகிற டேப். 5 என்றால் சிடி, 6 என்றால் ஸ்கேனர். 31 வந்தால் அங்கே சாதனமே இல்லை.

இந்த எண் மனிதருக்குப் புரியும் பெயராக மாறுவது டிரைவருக்குள் இருக்கும் ஒரு சின்னப் பட்டியலால். லினக்ஸில் அதைத் திறந்து பார்க்கலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். எண்ணைக் கொடுத்தால் அந்த இடத்தில் உள்ள பெயர் திரும்பி வரும். பட்டியலில் இல்லாத எண் வந்தால் 'அன்னோன்' என்று வரும். மொத்தமே ஒரு பக்கம்கூட இல்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அரைமணி நேரத்தில் புரியவைக்கலாம், புரியவைத்தும் பார்த்தோம்.

பிழை வந்தாலும் சாதனம் எண்ணைத்தான் சொல்லும். 3, அதோடு 17 என்று வந்தால், தட்டின் அந்த இடத்தைப் படிக்க முடியவில்லை என்று பொருள். டிஸ்க் போகத் தொடங்கிவிட்டது, முதலில் நகல் எடுக்க வேண்டும். 11, அதோடு 71 என்று வந்தால், வழியில் தகவல் கெட்டிருக்கிறது. பல நேரம் கேபிளை மாற்றினால் சரியாகிவிடும். 2, அதோடு 58 என்றால் உள்ளே ஒன்றுமே போடவில்லை. எங்கள் தோழர்களின் டிஸ்க்குகளில் என்ன இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்: முதல் தகவல் அறிக்கைகளின் நகல், சாட்சிகள் பேசிய வீடியோ, பாகூர் பக்கம் நிலப் பிரச்சினைக்காகத் தேடித் தேடிச் சேர்த்த பழைய பத்திரங்கள். கடைக்குக் கொண்டுபோனால் "டிஸ்க் அவுட்டு தம்பி, டேட்டா எடுக்கத் தனி ரேட்டு" என்பார்கள். திரையில் 17ஆ 71ஆ என்று தெரிந்திருந்தால் சில நூறு ரூபாய் கேபிளோடு முடிகிற வேலையாகவும் இருக்கலாம். எண்ணுக்குப் பெயர் தெரியாதவன், தெரிந்தவன் கேட்கிற விலையைக் கொடுப்பான். சிட்டா, அடங்கல், புல எண் விஷயத்தில் நம் தாத்தாக்களுக்கு நடந்ததும் இதுதான்.

இதில் எங்களைக் கொஞ்சம் நிறுத்திய தகவல் ஒன்று. லினக்ஸில் இந்தப் பிழைப் பெயர்ப் பட்டியல் கட்டாயமில்லை. கெர்னலைக் கட்டுகிறவர் வேண்டும் என்று தேர்ந்தெடுத்தால்தான் சேரும்; வேண்டாம் என்றால் வெறும் எண்தான் திரையில் வரும். சேர்ப்பதற்கு ஆகும் செலவு சில பத்து கிலோபைட் இடம். ஆக, ஒரு எண்ணுக்குப் பெயர் இருக்க வேண்டுமா என்பதும், என்ன பெயர் என்பதும், இயந்திரம் எடுக்கிற முடிவு இல்லை. யாரோ ஒரு ஆள் ஒரு மேசையில் உட்கார்ந்து எடுக்கிற முடிவு.

இப்போது மாஸ்டர்-ஸ்லேவ் விஷயத்துக்கு வருவோம். அந்த லேபில் இருந்தது ஐடிஇ டிஸ்க். நாற்பது பின் கொண்ட பட்டைக் கேபிளில் இரண்டு மாட்டலாம். இரண்டில் எதனிடம் பேசுகிறோம் என்பதை டிரைவர் எப்படிச் சொல்கிறது? சாதனத்தைத் தேர்ந்தெடுக்கும் பதிவேட்டில் ஒரு எண்ணை எழுதுகிறது. வழக்கமாக முதலாவதுக்கு 160, இரண்டாவதுக்கு 176. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு பிட். அது 0 ஆக இருந்தால் ஒரு டிஸ்க் பதில் சொல்லும், 1 ஆக இருந்தால் மற்றது. அவ்வளவுதான்!

இதில் ஆண்டை எங்கே? அடிமை எங்கே? முதல் டிஸ்க் இரண்டாவது டிஸ்க்குக்குக் கட்டளை இடுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டுப்பாட்டுச் சுற்று அதனதன் மேலேயே இருக்கிறது. இரண்டும் கட்டளை வாங்குவது கணினியிடம்தான். கணினியைத் தொடங்கும்போது யார் யார் இருக்கிறோம் என்று ஒன்றுக்கொன்று சைகை காட்டிக்கொள்ளும், அதோடு சரி. "ஆண்டை சொல்றத அடிமை கேக்கணும்" என்பது மனிதத்தன்மைக்கு மட்டும் எதிரானதில்லை, பாடமாகவே தப்பு. பரீட்சையில் எழுதினால் மதிப்பெண் போடக் கூடாத பதில்.

சரி, அந்தக் காலத்தில் வேறு சொல் கிடைக்கவில்லையா? கிடைத்தது. ஐடிஇ பிறந்த அதே எண்பதுகளில், 1986இல், ஸ்கஸி தரநிலையாக வந்தது. அங்கே கேட்கிற பக்கத்துக்கு 'இனிஷியேட்டர்', செய்கிற பக்கத்துக்கு 'டார்கெட்'. தொடங்குவது, இலக்கு. ஒருவருக்கும் வலிக்காத சொல். வேலையையும் சரியாகச் சொல்கிறது. ஐடிஇயின் தரநிலை ஆவணங்களே பிற்பாடு 'சாதனம் 0', 'சாதனம் 1' என்று எழுத ஆரம்பித்தன. டிஸ்க்கின் முதுகில் ஒட்டிய ஜம்பர் படத்திலும், பாடக் கையேட்டிலும், லேப் ஆசிரியர் வாயிலும் மட்டும் பழைய பெயர் நின்றுவிட்டது. லினக்ஸிலும் இப்போதைய டிரைவர் இந்த இரண்டு டிஸ்க்கை 1.00, 1.01 என்றுதான் திரையில் காட்டுகிறது. பழைய ஐடிஇ டிரைவரை 2021இல், 5.14 பதிப்போடு கெர்னலில் இருந்தே நீக்கிவிட்டார்கள். புதியதின் உள்ளே 'ஸ்லேவ்' என்று எழுதிய வரிகள் இன்னும் சில கிடக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

இந்தச் சொல் எங்கிருந்து பொறியியலுக்குள் நுழைந்தது? ரான் எக்லாஷ் என்ற ஆய்வாளர் 2007இல் தேடிப் போனார். அவர் கண்டுபிடித்த முந்தைய பயன்பாடு 1904ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் வானாய்வகத்தில் டேவிட் கில் என்ற வானியலாளர் ஒரு கடிகார அமைப்பை விவரிக்கிறார்: ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ். கேப் பகுதியில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1834இல். எழுபது வருஷம் கழித்து, அடிமைகள் வாழ்ந்த அதே ஊரில், கடிகாரத்துக்கு அந்தப் பெயர். சட்டத்தில் செத்த சொல் லேபில் பிழைத்துக்கொண்டது.

நம் ஊருக்கு வாருங்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு அடிமை என்பது உவமை இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் இந்தத் துறைமுகத்தில் இருந்து ஆட்களைப் பிடித்து மொரீசியசுக்கும் ரீயூனியனுக்கும் அடிமைகளாக ஏற்றி அனுப்பினார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பிலேயே ஆட்களைக் கடத்தி விற்ற கதை இருக்கிறது. 1848இல் பிரெஞ்சு அரசு அடிமை முறையை ஒழித்த பிறகு அதே கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களிலும் நம் ஆட்கள் ஏராளம். பக்கத்துத் தமிழ் மாவட்டங்களில் நிலத்தோடு சேர்த்துச் சேரி ஆட்களை விற்ற வரலாறு தனி. அதற்குச் சட்டத்தின் பாதுகாப்பை எடுத்தது 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வர 1976 வரை காத்திருந்தோம். இந்த மண்ணில் ஒரு லேபில் நின்றுகொண்டு 'ஆண்டை, அடிமை' என்றால், வகுப்பில் யார் முகம் எந்தப் பக்கம் திரும்பும் என்று எல்லோருக்கும் தெரியும். அதை 'டெக்னிக்கல்' என்று சொல்ல முடிவதே ஒரு சொகுசு.

பெயரை மாற்றக் கேட்பது நமக்குப் புதிதும் இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எங்களை இந்தக் கட்டத்துக்குள் போடாதே, பூர்வத் தமிழர் என்று எழுது என்று வாதாடியவர் அயோத்திதாசர். 1922இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் சென்னை மாகாண அரசு ஆவணங்களில் 'பறையர்', 'பஞ்சமர்' போய் 'ஆதிதிராவிடர்' வந்தது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களில் இருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். புதுச்சேரி தனி ஆட்சிப் பகுதி என்பதால் அந்த அறிவிப்பு நம் வில்லியனூரையும் பாகூரையும் தொடாது. நாம் இங்கே தனியாகக் கேட்க வேண்டும். நம் பெயரையே 'பரியா' என்று ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் எடுத்துப்போய், 'ஒதுக்கப்பட்டவன்' என்று அகராதியில் அர்த்தம் போட்டு வைத்திருக்கிறார்கள். தெருநாய் இனத்துக்கும் அதே பெயர். அப்படிப் பட்டியல் எழுதியவர்கள் நம்மிடம் கேட்டு எழுதவில்லை.

கணினி உலகத்தில் என்ன நடந்தது? 2003இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி நிர்வாகம், ஊழியர் ஒருவர் கொடுத்த புகாரை ஒட்டி, தனக்குப் பொருள் விற்கும் நிறுவனங்களிடம் மாஸ்டர்-ஸ்லேவ் பெயர்ப் பட்டையைத் தவிர்க்கச் சொல்லிக் கடிதம் எழுதியது. உலகமே சிரித்தது. பதினேழு வருஷம் கழித்து, ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிந்தைய போராட்டங்களின்போது, 2020 ஜூலையில் லினக்ஸ் கெர்னலின் எழுத்து நெறிகளில் ஒரு பத்தி சேர்ந்தது. டேன் வில்லியம்ஸ் எழுதியதை லைனஸ் டோர்வால்ட்ஸ் ஏற்றுக்கொண்டார்: புதிதாக எழுதும் நிரலில் மாஸ்டர்-ஸ்லேவ், பிளாக்லிஸ்ட் வேண்டாம், வேலைக்கு ஏற்ற வேறு சொல் போடுங்கள். வெளி நிரல்கள் நம்பியிருக்கும் பழைய பெயர்களுக்கும், அப்போது இருந்த வன்பொருள் தரநிலை கட்டாயப்படுத்தும் பெயர்களுக்கும் விலக்கு. ஒரு டிஸ்க்கும் நிற்கவில்லை. சாதனத்துக்குப் போகிற எண் மாறவில்லையே, எப்படி நிற்கும்?

இதைச் சொன்னதும் கைதட்டச் சொல்லவில்லை. அதே வருஷம் ஜூன் 30 அன்று, கலிபோர்னியா மாநிலத்தின் வேலைவாய்ப்பு உரிமைத் துறை சிஸ்கோ நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. தலித் பொறியாளர் ஒருவரை ஆதிக்கச் சாதி மேலாளர்கள் இருவர் சாதி காரணமாக ஒடுக்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் மறுத்தது. மேலாளர்கள் மீதான வழக்கை 2023இல் அந்தத் துறையே திரும்பப் பெற்றது. நிறுவனத்தின் மீதானது தொடர்ந்தது. சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தில் பெயர் சொல்லித் தடுக்க அந்த மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை, 2023 அக்டோபரில் ஆளுநர் நியூசம் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினார். நிரலில் 'ஸ்லேவ்' என்ற வார்த்தையை அழிக்கச் செலவில்லை. நாற்காலி யாருக்கு என்ற கேள்விக்குத்தான் செலவு. பெரிய நிறுவனங்கள் முதலாவதை விளம்பரம் போட்டுச் செய்தன.

அதனால் சொல்லை விட்டுவிடலாமா? நம் தோழர்களிலேயே சிலர் அப்படிச் சொல்கிறார்கள். "தண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலக்கிறான், நீங்க ஜம்பரைப் பாத்துக்கிட்டு இருக்கீங்க" என்று ஒரு மூத்த தோழர் கோபப்பட்டார். அவர் கோபம் நியாயம். ஆனால் பின்வரிசைப் பையனுக்கு அந்தச் சொல் செய்த வேலையை நாங்கள் பார்த்தோம். அவன் லேபில் கையைத் தூக்குவதை விட்டுவிட்டான். ஹார்டுவேர் வேண்டாம், டேட்டா என்ட்ரி போகிறேன் என்கிறான். கணினியின் உள்ளே கைவைக்கிற வேலையில் இருந்து ஒரு பிள்ளை இப்படித்தான் கழற்றி விடப்படுகிறான். யாரும் அடிக்கவில்லை, வழக்கு போட ஒன்றுமில்லை.

எங்கள் நிலைப்பாடு இதுதான். சொல்லையும் மாற்ற வேண்டும், பட்டியல் எழுதுகிற மேசைக்கும் போக வேண்டும். இரண்டாவது நடக்காமல் முதலாவது நடந்தால் அது அவர்கள் நமக்குப் போட்ட பிச்சை. டிரைவர் எழுதுவது ஐஐடிக்காரன் வேலை என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். நிஜமாகவே கடினமான பகுதிகள் அதில் உண்டு, ஒளிக்கவில்லை. ஆனால் எண்ணைப் பெயராக்கும் பட்டியல் அதன் வாசல்படி. சி மொழியில் ஒரு வரிசை, ஒரு எண், ஒரு சோதனை. லினக்ஸின் மூலநிரல் திறந்து கிடக்கிறது. ஒரு திருத்தத்தை மின்னஞ்சலில் அனுப்பச் சாதிச் சான்றிதழ் வேண்டாம், சிபாரிசும் வேண்டாம். புதுச்சேரியிலும் விழுப்புரத்திலும் கட்டற்ற மென்பொருள் குழுக்கள் பல வருஷமாக இலவசமாக வகுப்பெடுக்கின்றன. தமிழிலேயே படிக்க 2012 முதல் 'கணியம்' இதழ் இருக்கிறது. போய்ச் சேருங்கள்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இப்போது ஒரு தமிழ்ப் பட்டியல் செய்கிறோம். கெர்னல் தன் செய்திகளை மொழிபெயர்ப்பதில்லை. உலகம் முழுக்க ஒரே வரியைத் தேடிப் பிடிக்க வசதியாக அது ஆங்கிலத்திலேயே இருக்கும். அதோடு சண்டை வேண்டாம். வெளியில் ஒரு சின்ன நிரல் அந்த எண்ணை வாங்கித் தமிழில் சொன்னால் போதும். எண்ணையும் பக்கத்திலேயே காட்டுவோம், கடைக்காரரிடம் பேச அது வேண்டும்.

சாதனத்துக்குள்ளேயே தமிழ்ப் பெயர் எழுத முடியுமா என்று ஒரு பெண் கேட்டாள். ஸ்கஸி பதிலில் தயாரிப்பாளர் பெயருக்கு 8 பைட், பொருளின் பெயருக்கு 16 பைட். அதிலும் ஆங்கில எழுத்து, எண், குறிகள் மட்டும்தான் போடலாம் என்று தரநிலை சொல்கிறது. ஆங்கிலத்தில் 'அம்பேத்கர்' சரியாக 8 எழுத்து, கச்சிதமாக அடங்கும். யூனிகோடு முறையில் தமிழில் எழுதினால் அதே பெயருக்கு 30 பைட் வேண்டும். கதவின் அளவையே அவர்கள் உயரத்துக்கு வைத்துக் கட்டியிருக்கிறார்கள்!

சொல் தேடுவதுதான் பெரிய வேலை. 3-17க்கு 'ஊடகப் பிழை' என்று எழுதினால் பாகூர் ஆயாவுக்குப் பத்திரிகைக்காரன் தப்பு செய்தது போல இருக்கும். 'தட்டில் இந்த இடம் கெட்டுவிட்டது, உடனே நகல் எடு' என்று வைத்திருக்கிறோம். 11-71க்கு 'வழியில் தகவல் கெட்டது, கேபிளைப் பார்'. 2-58க்கு 'உள்ளே ஒன்றும் போடவில்லை'. ஐடிஇ டிஸ்க்குகளுக்கு ஒரு பையன் 'அண்ணன், தம்பி' என்றான். எல்லோரும் சிரித்தோம், ஆனால் வேண்டாம் என்று முடிவானது. நம் வீடுகளில் அண்ணன் தம்பியை வேலை வாங்குவதும் உண்டுதானே. 'சாதனம் 0, சாதனம் 1' என்றே விட்டுவிட்டோம்.

இழுத்துக்கொண்டு நிற்பது ஒரே ஒரு வரி. பட்டியலில் இல்லாத எண் வந்தால் ஆங்கிலத்தில் 'அன்னோன்' என்று காட்டுகிறதே, அதற்குத் தமிழில் என்ன போடுவது? 'அறியப்படாதது' என்றால் யாரால் என்று கேட்கிறார்கள். 'இனம் தெரியாதது' என்று ஒருவர் சொன்னதும் அறையே கத்தியது. 'எங்கள் பட்டியலில் இல்லை' என்பது இப்போதைக்கு முன்னால் நிற்கிறது. உங்களிடம் வேறு சொல் இருந்தால் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மூலக்குளம் வாருங்கள். கழற்றிப் பார்க்கப் பழைய டிஸ்க் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள், எங்களிடம் இருந்ததில் பாதியைப் பிள்ளைகள் பிரித்துப் போட்டுவிட்டார்கள்.